இசைத்தட்டில் ஒரு கொட்டகை

ஆரணியில் எங்கள் வீட்டுப் பட்டுத்தறி ஓடும்போது பக்கத்தில் பேசுவதுகூடக் கேட்காது. ரேடியோவில் பிடித்த பாட்டு வந்தால் பெரியப்பா தறியை நிறுத்திவிடுவார். கே.பி. சுந்தராம்பாளுக்கு மட்டும் நிறுத்தமாட்டார். "அந்தம்மா தறிச் சத்தத்த மீறிக் கேக்கும்டா." இந்த விமர்சனத்தை நம் சங்கீத வரலாறுகளில் நான் படித்ததில்லை.

1908இல் கொடுமுடியில் பிறந்தவர். ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையில், கடைசி வரிசைக்காரனுக்கும் எட்டியாக வேண்டும் என்ற கட்டாயத்தில் உருவான குரல் அது. சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த நாடகப் பாட்டுகளைக் கூட்டம் 'ஒன்ஸ்மோர்' கேட்டுக் கேட்டு நீட்டியது. 78 சுழற்சி இசைத்தட்டோ பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான் கொடுத்தது. பாட்டு சுருங்கியது; கூட்டம் வெளியே நிறுத்தப்பட்டது. தொண்டை மட்டும் இதற்கு ஒப்பவில்லை. பதிவு அறைக்குள் நின்றும் அது கடைசி வரிசைக்கே பாடியது.

இதில் நுணுக்கம் போதாது என்று சபாக் காது சொல்லலாம். சரி, அந்தக் காது எத்தனையாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டுப் பழகியது? ராக லட்சணம் பேசுகிற நாம் இதைக் கேட்பதேயில்லை. அந்தத் தட்டுகளில் கைதட்டல் பதிவாகவில்லை. கைதட்டியவர்கள் எவ்வளவு தள்ளி உட்கார்ந்திருந்தார்கள் என்பது பதிவாகியிருக்கிறது.