நிலைக்கு மேல் வைத்த சாவி

ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுச் சாவிக்கு இடம் வாசல் நிலைக்கு மேல்தான். அம்மா கோவிலுக்குக் கிளம்பினால் கதவைப் பூட்டி, எக்கி நின்று அங்கே வைத்துவிட்டுப் போவாள். பால்காரருக்குத் தெரியும், பக்கத்து வீட்டு மாமிக்குத் தெரியும். திருடனுக்கும் தெரிந்திருக்கும், எடுக்க ஒன்றுமில்லை என்பதும் தெரிந்திருக்கும் :-)

நான் பி.காம். படித்து வங்கிக்குப் போனவன், கணினிக்காரன் இல்லை. ஆனால் பல வருடம் முன்பு, ஒரு கிளையில் (எந்த வங்கி என்பது வேண்டாமே) காலையில் கவுண்ட்டர் கணினிகளில் புது மென்பொருள் ஏறாமல் பாதியில் நின்றது. பொதுக் கோப்புறையில் இருந்த பேட்ச் ஃபைலை நோட்பேடில் திறந்தேன். மூன்றாவது வரியில் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்ட், அப்பட்டமாக! அதே பாஸ்வேர்ட்தான் எல்லாக் கிளைகளுக்கும். பத்து நிமிடம் முன்புதான் பெட்டகச் சாவிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருந்தேன். இரண்டு அதிகாரி, இரண்டு சாவி, தனியாளாகத் திறக்க முடியாது. இந்தப் பக்கமோ கவுண்ட்டரில் உட்கார்ந்த யாரும் வங்கியின் கணினிகளையெல்லாம் திறக்கலாம்.

ஏன் இப்படி என்று அப்புறம் தேடிப் படித்தேன். காசாளரின் கணக்குக்கு மென்பொருள் நிறுவும் உரிமை கிடையாது. ஆயிரம் கணினிக்கும் ஆள் போய் பாஸ்வேர்ட் அடிக்கவும் முடியாது. அதனால் பாஸ்வேர்ட் நிறுவும் கோப்போடு பயணம் போகிறது. 2000-ல் வந்த விண்டோஸ் 2000-லேயே இதற்கு நல்ல வழி இருந்தது. குரூப் பாலிசி மூலம் எம்எஸ்ஐ தொகுப்பைக் கொடுத்தால், கணினி எழும்போது தன் சொந்த அதிகாரத்திலேயே நிறுவிக்கொள்ளும். பாஸ்வேர்டே வேண்டாம். ஆனால் பாதி மென்பொருட்கள் எம்எஸ்ஐ-யாக வரவில்லை. 'ரன்அஸ்' கட்டளையோ பாஸ்வேர்டைக் கட்டளை வரியில் வாங்க மாட்டேன் என்றது. வேண்டுமென்றே அப்படிச் செய்திருந்தார்கள். நம்மவர்கள் விடுவார்களா? ஆட்டோஇட் மாதிரி கருவியில் எழுதி, இஎக்ஸ்இ ஆக்கிவிட்டால் ரகசியம் என்று நம்பினார்கள். பிரித்துப் பார்க்கத் தெரிந்தவனுக்கு அது ரகசியமே இல்லை.

மைக்ரோசாஃப்ட்டும் யோக்கியமில்லை. விஸ்டா காலத்திலிருந்து, ஆளில்லாமல் விண்டோஸ் நிறுவும் அன்அட்டெண்ட் கோப்பில் பாஸ்வேர்டை 'மறைக்க' வசதி தந்தது. மறைப்பது என்றால் என்ன? பாஸ்வேர்டின் வாலில் 'அட்மினிஸ்ட்ரேட்டர்பாஸ்வேர்ட்' என்ற சொல்லை ஒட்டி, பேஸ்64-ஆக மாற்றுவது. அவ்வளவே. திருப்ப ஒரு நொடி போதும்.

பெரிய கூத்து 2008-ல். விண்டோஸ் சர்வர் 2008-ன் குரூப் பாலிசி பிரிஃபரன்ஸ் வழியாக எல்லாக் கணினிக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்ட் அனுப்பலாம். அதை 256 பிட் ஏஇஎஸ் முறையில் பூட்டினார்கள். அசல் பூட்டு, குறை சொல்ல முடியாது. ஆனால் உலகம் முழுவதற்கும் ஒரே சாவி, அந்தச் சாவியைத் தங்கள் ஆவணத்திலேயே அச்சடித்து வெளியிட்டுவிட்டார்கள்! பூட்டிய கோப்பு இருந்ததோ நிறுவனத்தின் எந்த ஊழியரும் படிக்கக்கூடிய சிஸ்வால் கோப்புறையில். 2012-ல் அதைத் திறக்கும் கருவிகள் இணையத்தில் பரவின. 2014 மே மாதம் எம்எஸ்14-025 என்ற திருத்தம் வந்தது. புதிதாகப் பாஸ்வேர்ட் வைப்பதை அது தடுத்தது, ஏற்கெனவே வைத்ததை அழிக்கவில்லை. அது அவரவர் பாடு.

2015 மே மாதம் லாப்ஸ் வந்தது. ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனிப் பாஸ்வேர்ட், குறிப்பிட்ட நாளுக்கொரு முறை தானே மாறும். வேடிக்கை என்னவென்றால், ஆக்டிவ் டைரக்டரியில் அதைப் பூட்டாமல் அப்படியே எழுத்தாகத்தான் வைத்தார்கள். யார் படிக்கலாம் என்பதை மட்டும் கட்டுப்படுத்தினார்கள். ஏஇஎஸ் பூட்டுப் போட்டதைவிட அது எவ்வளவோ பத்திரம். எங்கள் சாவிப் பதிவேடும் அதே சங்கதிதான், யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. 2023 ஏப்ரலில் லாப்ஸ் விண்டோஸுக்குள்ளேயே சேர்ந்தது, குறியாக்கம் செய்து வைக்கும் வசதியோடு.

அந்தக் கிளைக் கோப்பு என்னாயிற்று என்கிறீர்களா? மேலிடத்துக்கு எழுதினேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது, சரிசெய்தாயிற்று என்று. போய்ப் பார்த்தேன். கோப்பு அங்கேயேதான் இருந்தது. 'ஹிடன்' என்று டிக் போட்டிருந்தார்கள்.