பெயருக்கு முன் நிற்கும் எழுத்து

பெங்களூருவிலுள்ள இராமன் ஆராய்ச்சி நிலையத்தை 1948-இல் நிறுவியவர் சர் சி. வி. இராமன். 1972 முதல் 1994 வரை அதன் இயக்குநராய் விளங்கியவர் வானியலறிஞர் வி. இராதாகிருஷ்ணன். ஆராய்ச்சி நூல்களின் மேற்கோள் பட்டியலில் முன்னவர் ‘இராமன், சி. வி.’ என்றும், பின்னவர் ‘இராதாகிருஷ்ணன், வி.’ என்றும் இடம் பெறுவர். இவ்விருவரும் தந்தையும் மகனுமாவர் என்பதைப் பட்டியலைக் கண்ட அளவில் எவர் அறியக்கூடும்?

முன்னெழுத்துகளை விரித்துப் பார்த்தால் உறவு புலப்படும். இராமனின் இயற்பெயர் வேங்கடராமன். தந்தையார் சந்திரசேகர ஐயர். அவ்வியற்பெயர் ஆங்கிலத்தில் இரண்டாகப் பிளவுண்டது. ‘வேங்கட’ என்னும் முற்பகுதி ஓரெழுத்தாய்ச் சுருங்கிற்று. பிற்பகுதியே 1930-இல் நோபெல் பரிசோடு உலகெங்கும் பரவிற்று. மகனுடைய ‘வி’யோ, வேங்கடராமன் என்னும் முழுப்பெயரின் சுருக்கம். உலகம் பாதியாக்கிய பெயரை மகனின் ஓரெழுத்து முழுமையாகக் காத்து நின்றது.

மேலைநாட்டார் குடும்பப் பெயரை இறுதியில் எழுதுவர். பட்டியலில் அதனையே முன்னிறுத்துவர். தமிழரிற் பலருக்கோ குடும்பப் பெயர் என ஒன்றில்லை. ஊர், தந்தை, தம் பெயர் என்பதே நம் பழைய வரிசை. கன்னட நாட்டிலும் ஊர்ப்பெயர் முன்னிற்பதைக் காண்கிறோம், எம். விசுவேசுவரய்யாவின் ‘எம்’ மோட்சகுண்டம் என்னும் ஊரன்றோ? முன்னெழுத்து முன்னே நிற்கும் வரையில் தீங்கில்லை. இறுதியில் நிற்கும் சொந்தப் பெயரே தலைப்பாகும். ஆனால் க. முருகன் என்பார், படிவத்தின் கட்டங்களுக்கு இணங்கி, ‘முருகன் கண்ணன்’ என்று எழுதிவிட்டால், பட்டியலில் ‘கண்ணன், மு.’ ஆகிவிடுகிறார். உழைத்தவர் மகன், மேற்கோளில் நிற்பவர் தந்தை! அவருடைய முந்திய கட்டுரைகள் ஒரு பெயரிலும், பிந்தியவை வேறொரு பெயரிலும் பிரிந்து கிடக்க, ஒருவரே இருவராகத் தோன்றுவர்.

இச்சிக்கலை ஆழ்ந்து ஆராய்ந்தவர் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது, 1934-இல் அவர் நூற்பட்டியலுக்குரிய விதிகளை வகுத்து வெளியிட்டார். பெயரின் முதன்மையான சொல்லை முன்னே எழுதி, ஏனையவற்றை அடைப்புக்குறிக்குள் வைப்பது அவர் முறை. அம்முறைப்படி அவர் பெயரே ‘ரங்கநாதன் (சீர்காழி ராமாமிர்த)’ என்றாகும். ஊரும் தந்தையும் மறையவில்லை. சாதிப் பெயர் இறுதியில் வருமாயின், அதனை மட்டும் தலைப்பாக்காமல், அதற்கு முந்திய பெயரோடு சேர்த்தே எழுதச் செய்தார். ‘சங்கரன் நாயர், சி.’ என்பதே முறை. ‘நாயர்’ என்ற தலைப்பின் கீழ்த் தேடினால் எத்தனை நாயர்களுள் அவரைக் காண்பது? 1962-இல் இதே பெங்களூருவில், இந்தியப் புள்ளியியல் கழகத்தின் சார்பில், ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி நிலையத்தை அவர் தொடங்கினார். 1972-இல் இந்நகரிலேயே மறைந்தார்.

தமிழில் எழுதும்போது இன்னொரு விழிப்பும் வேண்டும். எஸ். ஆர். ரங்கநாதனே தமிழெழுத்தில் சீ. இரா. அரங்கநாதன் ஆகிறார். இரண்டில் ஒன்றைத் தலைப்பாகக் கொண்டு, மற்றதிலிருந்து அதற்கு வழிகாட்டுதல் வேண்டும். திரு. வி. க. என்பதிலுள்ள ‘திரு’வை மரியாதைச் சொல்லென மயங்கி நீக்குவோர், திருவாரூர் என்னும் ஊரையே நீக்கியவராவர்.

ஆகவே, மேற்கோள் எழுதப் புகும் நாம் முதலில் நூலின் தலைப்புப் பக்கத்தைப் பார்ப்போமாக. ஆசிரியரின் சொந்தப் பெயர் எது, ஊர் எது, தந்தை பெயர் எது என்று தெளிவோமாக. பின்னர்ச் சொந்தப் பெயரைத் தலைப்பாக்கி, முன்னெழுத்து ஒன்றையும் விடாமல், எல்லா இடத்தும் ஒரே வடிவில் எழுதுவோமாக. ஒருவர் அறிவுக்கு நாம் கடன்பட்டோம் என ஒப்புக்கொள்வதே மேற்கோள். அக்கடனை உரியவர் பெயரிலேயே எழுதுவதன்றோ நேர்மை?