காற்றைக் கழட்டிவிட்டுக் கம்பியை மாட்டியவர்கள்

1957-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி அமெரிக்காவில் ஒரு காரை விற்பனைக்கு விட்டது. பெயர் கேடிலாக் எல்டொராடோ புரோகாம். விலை 13,074 டாலர். அதே கம்பெனியின் ஷெவர்லே கார் இரண்டாயிரத்துச் சொச்சம் டாலருக்குக் கிடைத்த காலம் அது. புரோகாமின் கூரை எவர்சில்வர். அந்த வருஷம் 400 கார், அடுத்த வருஷம் 304 கார், அவ்வளவுதான் செய்தார்கள். இவ்வளவு விலைக்கு ஒரு பெரிய காரணம் உண்டு. நான்கு சக்கரத்திலும் இரும்பு ஸ்பிரிங் கிடையாது. ரப்பருக்குள் அடைத்த காற்றுதான் காரைத் தாங்கியது.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. இவ்வளவு பணம் கொடுத்து வாங்கியவர்களில் பல பேர் அந்தக் காற்று ஏற்பாட்டை முழுசாகக் கழட்டிப் போட்டுவிட்டு, சாதாரணக் காரில் இருக்கிற காயில் ஸ்பிரிங்கை மாட்டிக்கொண்டார்கள்.

இதே வேலை இன்றைக்கும் நடக்கிறது. பழைய ரேஞ்ச் ரோவர், பழைய மெர்சிடிஸ் எஸ் கிளாஸ், லிங்கன் என்று ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள், சில வருஷத்தில் ஏர் சஸ்பென்ஷனைக் கழட்டிவிட்டுக் காயில் ஸ்பிரிங் போடுகிறார்கள். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கத் தயாராக இருப்பவர்கள் காயில்ஓவர் போடுகிறார்கள். ஷாக் அப்சார்பரைச் சுற்றியே ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும். அப்சார்பரின் உடம்பில் மரை வெட்டியிருப்பார்கள். அதில் ஒரு வளையத்தைத் திருகினால் காரின் உயரம் ஏறும், இறங்கும்.

ஆனால் பஸ்ஸில் யாராவது இப்படிச் செய்து பார்த்திருக்கிறீர்களா? மாட்டார்கள். நம் ஊரில் ஆம்னி பஸ்ஸை 'ஏர் பஸ்' என்று சொன்னாலே தனி மரியாதை. பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் செய்யும் வந்தே பாரத் ரயில் பெட்டியும் காற்றின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பஸ்ஸிலும் ரயிலிலும் நிலைத்துவிட்ட ஒரு தொழில்நுட்பம், காரில் மட்டும் ஏன் திரும்பத் திரும்பக் கழட்டப்படுகிறது? இந்தக் கேள்வியோடு அதன் வரலாற்றைப் பார்ப்போம்.

காற்றைப் பிடித்து வைக்கும் ஆசை

ஆசை ரொம்பப் பழையது. 1901-லேயே வில்லியம் ஹம்ஃப்ரீஸ் என்கிற அமெரிக்கர் வண்டிகளுக்கான காற்று ஸ்பிரிங்குக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1909-ல் இங்கிலாந்தின் கவ்வி கம்பெனி காற்றில் தாங்கும் காரைச் செய்தது. காற்று கசிந்தது. அதோடு அந்த முயற்சி நின்றது.

1920-களில் பிரான்சில் ஜார்ஜ் மெஸ்ஸியே என்பவர் வந்தார். முதலில் மற்ற கம்பெனிக் கார்களுக்குக் காற்று சஸ்பென்ஷன் செய்து கொடுத்தார். பிறகு ஸ்பிரிங்கே இல்லாத கார் என்று விளம்பரம் செய்து, சொந்தப் பெயரிலேயே கார் விட்டார். கார் வியாபாரம் நிலைக்கவில்லை. ஆனால் அதே அறிவு விமானச் சக்கரங்களுக்குப் போயிற்று. பிற்காலத்தில் விமானங்களின் தரையிறங்கும் சக்கர அமைப்பைச் செய்யும் பெரிய கம்பெனிகளில் ஒன்றாக மெஸ்ஸியேவின் பெயர் நிலைத்தது. ஏர்பஸ் விமானங்களுக்குக்கூட அந்த வழியில் வந்த நிறுவனம் சக்கர அமைப்பு செய்கிறது. நம் ஊர் 'ஏர் பஸ்'ஸுக்கும் அந்த ஏர்பஸ்ஸுக்கும் இப்படி ஒரு தூரத்து உறவு!

அமெரிக்காவில் 1930-களில் டயர் கம்பெனியான ஃபயர்ஸ்டோன் இதில் இறங்கியது. டயர் செய்கிறவனுக்கு ரப்பரையும் துணியையும் சேர்த்துக் காற்றை அடைத்து வைக்கத் தெரியாதா? அந்த வேலை பஸ்ஸில் பலித்தது. 1953-ல் ஜெனரல் மோட்டார்ஸின் நெடுஞ்சாலைப் பஸ்கள் காற்று சஸ்பென்ஷனோடு வந்தன. 1954-ல் கிரேஹவுண்ட் கம்பெனிக்காகச் செய்த சீனிக்ரூசர் பஸ்ஸும் காற்றில்தான் ஓடியது. பஸ்ஸில் கிடைத்த இந்த வெற்றியைப் பார்த்துத்தான், 'இதையே காருக்கும் போடலாமே' என்று துணிந்தார்கள்.

பஸ்ஸின் கணக்கு வேறு, காரின் கணக்கு வேறு

ஸ்பிரிங்குக்கு இரண்டு வேலை. வண்டியின் எடையைத் தாங்க வேண்டும். பள்ளத்தில் விழுந்தால் மெத்தென்று வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. மெத்தென்று இருந்தால் எடை ஏறும்போது அமுங்கிப்போகும். அமுங்காமல் இருக்க வேண்டுமென்றால் கட்டையாகிவிடும்.

உடம்புக்குச் சுகமான ஆட்டம் என்பது விநாடிக்கு ஒன்று முதல் ஒன்றரை தடவை. விநாடிக்கு ஒரு தடவை ஆட வேண்டுமானால், வண்டியின் எடையில் ஸ்பிரிங் சுமார் 25 சென்டிமீட்டர் அமுங்கியிருக்க வேண்டும். ஒன்றரை தடவை என்றால் 11 சென்டிமீட்டர். எந்தக் கம்பெனி செய்தாலும் இந்தக் கணக்கு மாறாது. இது புவியீர்ப்பு போடும் கணக்கு.

இப்போது 10 டன் எடையுள்ள ஒரு பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். அதில் ஆளுக்கு 65 கிலோ என்று 70 பேர் ஏறினால் நாலரை டன் கூடிவிடும். சுகமான ஸ்பிரிங் போட்டிருந்தால் பஸ் இன்னும் 11 சென்டிமீட்டர் கீழே போகும். அதனால் இரும்பு ஸ்பிரிங் பஸ்ஸில் கட்டையான பட்டைகளை அடுக்க வேண்டியிருக்கிறது. அது ஆள் நிறைந்தால் பரவாயில்லை. காலியாக ஓடும்போது கடைசி சீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், இடுப்பு என்ன பாடுபடும் என்று.

காற்று இந்தச் சிக்கலை அழகாகத் தீர்க்கிறது. ஆள் ஏறி பஸ் இறங்கத் தொடங்கியதும் ஒரு நெம்புகோல் வால்வைத் திறக்கும். கூடுதல் காற்று உள்ளே போகும். உயரம் பழைய இடத்துக்கே வந்துவிடும். அழுத்தம் கூடுவதால் ஸ்பிரிங்கின் விறைப்பும் எடைக்கேற்பக் கூடும். ஆகவே காலியாக இருந்தாலும் நிறைந்திருந்தாலும் ஆட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். இது இரும்பால் முடியாத காரியம்.

காருக்கு வருவோம். 1,600 கிலோ கார். டிரைவர் மட்டும் போவதற்கும் இன்னும் நான்கு பேர் ஏறுவதற்கும் வித்தியாசம் 260 கிலோ. 11 சென்டிமீட்டர் அமுங்கும் ஸ்பிரிங் என்றால் இன்னும் இரண்டு சென்டிமீட்டர்கூட இறங்காது. பஸ்ஸுக்கு இருக்கும் பிரச்சினை காருக்குக் கொஞ்சம்தான் இருக்கிறது.

இன்னும் இரண்டு விஷயம். பஸ்ஸில் ஏர் பிரேக்குக்காகக் கம்ப்ரஸர் ஏற்கெனவே இருக்கிறது. சஸ்பென்ஷன் அதிலிருந்து கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்கிறது. காரிலோ இதற்காகவே தனியாக ஒன்று வைக்க வேண்டும். அதைவிட முக்கியம், பஸ் தினமும் ஓடுகிறது, டிப்போவில் மெக்கானிக் அடியில் குனிந்து பார்க்கிறார். கார் பத்து நாள் ஷெட்டில் நிற்கும். பஸ்ஸில் யாரும் கவனிக்காத சின்னக் கசிவு, காரைத் தரையோடு உட்கார வைத்துவிடும்.

1958: எல்லாரும் விழுந்த பள்ளம்

புரோகாம் வந்த அடுத்த வருஷமே ஜெனரல் மோட்டார்ஸ் தன் மற்ற பிராண்டுகளுக்கும் இதை விருப்பத் தேர்வாகக் கொடுத்தது. ஷெவர்லேவில் லெவல் ஏர், பான்டியாக்கில் எவர்-லெவல், ஓல்ட்ஸ்மொபீலில் நியூ-மேட்டிக், பியூக்கில் ஏர்-பாய்ஸ் என்று ஆளுக்கொரு பெயர். ஃபோர்டும் சும்மா இருக்கவில்லை, ஃபோர்டு-ஏர் என்று விட்டது.

கம்ப்ரஸர் வெளிக்காற்றை இழுத்தால் கூடவே ஈரமும் வரும். அந்த ஈரம் குழாய்க்குள் தண்ணீராகும். குளிர்காலத்தில் உறையும். வால்வு அடைத்துக்கொள்ளும். ரப்பர் இணைப்புகள் கசிந்தன. காலையில் எழுந்து பார்த்தால் கார் ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும். டீலர்கள் இரும்பு ஸ்பிரிங்கை மாட்டிக் கொடுத்துப் பிரச்சினையை முடித்தார்கள். 1960-களின் தொடக்கத்துக்குள் அமெரிக்கக் கார்களிலிருந்து நாலு சக்கரக் காற்று சஸ்பென்ஷன் மறைந்தே போயிற்று.

ஐரோப்பா வேறு வழியில் போனது. பிரான்சின் சிட்ரோயன் கம்பெனியில் போல் மஜேஸ் என்பவர் ஒரு யோசனை செய்தார். வாயுவை ஓர் இரும்புக் கோளத்துக்குள் நிரந்தரமாக அடைத்துவிட்டு, உயரத்தைச் சரிசெய்யும் வேலையை எண்ணெயிடம் கொடுத்தார். 1954-ல் ஒரு மாடலின் பின் சக்கரங்களில் சோதித்துவிட்டு, 1955-ல் டி.எஸ். காரில் நான்கு சக்கரத்துக்கும் கொண்டுவந்தார்கள். அந்த வழி அறுபது வருஷத்துக்கு மேல் நீடித்தது.

மெர்சிடிஸ் 1961-ல் 300 எஸ்.இ. காரிலும், 1963-ல் 600 காரிலும் காற்றையே வைத்தது. அது எப்படித் தாக்குப்பிடித்தது? 600-ஐ வாங்கியவர்கள் நாட்டுத் தலைவர்கள், பெரும் பணக்காரர்கள். டிரைவர் இருப்பார், அழைத்தால் மெக்கானிக் வருவார். அதாவது, அந்தக் காருக்குப் பஸ் டிப்போ மாதிரியே ஒரு கவனிப்பு இருந்தது. காற்று நிலைத்த இடங்களிலெல்லாம் இந்த ஒரு விஷயத்தைப் பார்க்கலாம்.

கம்ப்யூட்டர் வந்தது, கசிவு போகவில்லை

1984 மாடல் லிங்கன் மார்க் 7 காரில் காற்று மறுபடி வந்தது, இந்த முறை கம்ப்யூட்டரோடு. உயரத்தை அளக்க சென்சார், காற்றைத் திறந்து மூட மின்வால்வு, ஈரத்தை உறிஞ்ச டிரையர் எல்லாம் வைத்தார்கள். 1958-ன் பழைய நோய்கள் பலவற்றுக்கு மருந்து கிடைத்தது. 1992-ல் ரேஞ்ச் ரோவர் வந்தது. ஏறி இறங்கும்போது தாழும், கரடுமுரடான பாதையில் உயரும். 1998-ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் ஏர்மேட்டிக் வந்தது.

புதுசாக இருக்கும் வரை இவை அருமை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ரப்பர் ரப்பர்தான். ஒவ்வொரு பள்ளத்திலும் பை அதே இடத்தில் மடிந்து விரிகிறது. சில வருஷத்தில் அந்த மடிப்பில் வெடிப்பு விழும். காற்று மெல்லக் கசியும். அதை ஈடுகட்டக் கம்ப்ரஸர் கூடுதல் நேரம் ஓடும், சூடாகும், கடைசியில் சாகும். கார்க்காரர் கம்ப்ரஸர்தான் கெட்டது என்று நினைத்துப் புதுசு வாங்கிப் போடுவார். கசிவு அப்படியே இருப்பதால் அதுவும் சாகும். பலரும் பணத்தை விடுவது இங்கேதான்.

அதற்குள் கார் இரண்டாவது, மூன்றாவது கைக்கு வந்திருக்கும். காரின் விலை விழுந்துகொண்டே போகும். உதிரி பாகத்தின் விலை விழாது. ஒரு கட்டத்தில் நான்கு ஏர் ஸ்டிரட்டின் விலை காரின் விலையைத் தொட்டுவிடும். அப்போது அந்த ஆளுக்கு இரண்டே வழி. காரைக் காயலான் கடைக்கு அனுப்பலாம், இல்லையென்றால் இரும்பைப் போடலாம்.

மாற்றும்போது என்ன நடக்கிறது

முதலில் பைகளில் இருக்கும் காற்றைத் திறந்துவிட வேண்டும். அழுத்தம் இருக்கும்போது குழாயில் கைவைப்பது ஆபத்து. பிறகு ஏர் ஸ்டிரட்டைக் கழட்டி, அதே போல்ட் துளைகளில் காயில்ஓவரை மாட்டுவார்கள். இதுவரை ஸ்பேனர் வேலை.

அடுத்தது கம்ப்யூட்டரைச் சமாதானப்படுத்துவது. காற்று எங்கே என்று அது தேடும், டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். முதல் தலைமுறை போர்ஷே கயேன் மாதிரிச் சில கார்கள் இரும்பு ஸ்பிரிங்கோடும் விற்கப்பட்டவை. அவற்றில் 'இது இரும்புக் கார்' என்று கோடிங் மாற்றலாம். மற்றவற்றுக்கு எல்லாம் சரியாக இருப்பதாகப் பொய் சொல்லும் ஒரு சின்னப் பெட்டியை இணைப்பார்கள். ஹெட்லைட் தானாக மேல் கீழ் திரும்பும் கார்களில் அந்த வேலைக்கும் அதே உயர சென்சார்தான். அதைக் கழட்டி எறிந்துவிட்டால் எதிரே வருகிறவர் கண் கூசும்.

கடைசியாக உயரம். வளையத்தைத் திருகி நான்கு மூலையையும் அளந்து வைக்க வேண்டும். உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வும் மாறும், ஆகவே வீல் அலைன்மென்ட் கட்டாயம். ஒன்று கவனிக்க வேண்டும். வளையத்தைத் திருகினால் ஸ்பிரிங் கட்டையாகும் என்று பலர் நம்புகிறார்கள். சாதாரணச் சுருளில் அப்படி ஆகாது. விறைப்பு என்பது கம்பியின் தடிமன், சுருளின் அகலம், எத்தனை சுற்று என்பதைப் பொறுத்தது. வளையம் உயரத்துக்கு மட்டும்தான்.

என்ன போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். டிக்கி நிறையச் சாமான் ஏற்றினால் பின்பக்கம் இறங்கும். ரேஞ்ச் ரோவர் இனி பாறையைப் பார்த்து எழுந்து நிற்காது. மெத்தை மாதிரி மிதக்கும் ஓட்டம் கொஞ்சம் இறுகும். கிடைப்பது ஒன்றே ஒன்று: ராத்திரி விட்ட உயரத்திலேயே காலையில் கார் நிற்கும். இரும்பு அப்படித்தான். யாரும் பம்ப் அடிக்க வேண்டியதில்லை.

ஆகவே காற்றா இரும்பா, எது உயர்ந்தது என்பது சரியான கேள்வி இல்லை. அந்த வண்டியை யார், எத்தனை நாளைக்கு ஒருமுறை கவனிக்கப்போகிறார்கள் என்று கேட்க வேண்டும். இரும்புக்கு மாறிய அந்த எல்டொராடோ புரோகாம் கார்களில் சிலவற்றுக்கு, சேகரிப்பாளர்கள் இன்றைக்கு மறுபடி காற்றையே மாட்டிப் புதுப்பிக்கிறார்கள். அவர்களுக்கு நேரம் இருக்கிறது, கார் தினசரி ஓட வேண்டிய அவசியம் இல்லை.

நீங்கள் ஏர் சஸ்பென்ஷன் உள்ள பழைய கார் ஏதாவது வாங்க நினைத்தால், ஓட்டிப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். சாயங்காலம் நான்கு மூலையிலும் உயரத்தை அளந்து எழுதி வையுங்கள். மறுநாள் காலை இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு மறுபடி அளந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால், பங்ச்சர் கடைக்காரர் செய்வது போலச் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி வந்து கசிவைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் விலை பேசலாம்.