தொட்டிப் புழுவும் வயல் புழுவும்

உரக்கூடத்தில் கிலோக் கணக்கில் மண்புழு வாங்கிப்போய் நேரே வயலில் விடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஒரு மாதம் கழித்து மண்வெட்டி போட்டுப் பார்த்தால் ஒன்றும் அகப்படாது. “விற்றவன் ஏமாற்றிவிட்டான்” என்று திட்டுவார்கள். விற்றவர் கொடுத்தது நல்ல புழுதான். ஆனால் அது தொட்டியில் பிழைக்கிற புழு. இதற்கு நேர்மாறும் நடக்கிறது. மழைக்குப் பின் தோட்டத்தில் நெளியும் புழுக்களைப் பொறுக்கி வந்து, வாளியில் காய்கறித் தோலோடு போட்டு மூடிவைக்கிறார்கள். அவையும் சில நாளில் சுருண்டுவிடும். இரண்டு தோல்விக்கும் காரணம் ஒன்றே. மண்புழு என்றால் எல்லாம் ஒரே பிழைப்பு என்று நினைத்துவிடுகிறோம்.

தமிழ்நாட்டில் இவற்றை ஒப்பிட இரண்டு இனங்களை எடுத்துக்கொண்டால் போதும். ஒன்று யூட்ரிலஸ் யூஜினியே. ‘ஆப்பிரிக்கப் புழு’ என்று உரக்கூடங்களில் சொல்வது இதைத்தான். மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. இன்று நம் உரக்கூடங்களில் பெரும்பாலும் இருப்பது இதுவே. மற்றொன்று லாம்பிட்டோ மாரிட்டி. முதலில் மொரீஷியஸ் தீவில் கிடைத்ததை வைத்துப் பெயரிட்டதால் அந்தத் தீவின் பெயர் ஒட்டிக்கொண்டது. மற்றபடி இது நம் மண்ணின் புழு. பதினோராம் வகுப்பு விலங்கியல் பாடத்தில் வரும் மண்புழு இதுதான். படம் வரைந்து, பாகம் குறித்து, மதிப்பெண்ணும் வாங்கிய நம்மில் எத்தனை பேர் வீட்டுக் கொல்லையில் இதைக் கண்டால் அடையாளம் சொல்வோம் என்பது வேறு கேள்வி.

உள்ளங்கையில் இரண்டையும் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஆப்பிரிக்கப் புழு கருஞ்சிவப்பு. வெளிச்சத்தில் சாய்த்தால் முதுகில் நீலமும் ஊதாவும் மினுங்கும், வயிற்றுப்புறம் வெளுத்திருக்கும். நன்றாக வளர்ந்தது ஒரு சாண் நீளத்தை எட்டும். தொட்டவுடன் துள்ளும். லாம்பிட்டோ வெளிர் பழுப்பு. தலைப்பக்கம் மட்டும் லேசாக ஊதா ஓடியிருக்கும். நீளம் 8 முதல் 21 சென்டிமீட்டர், பருமன் அரை சென்டிமீட்டருக்குள். முதிர்ந்த புழுவில் தடித்த வளையமாகத் தெரியும் கிளைடெல்லம் லாம்பிட்டோவில் 14ஆம் கண்டத்திலிருந்து (உடல் பிரிவிலிருந்து) 17ஆம் கண்டம் வரை. ஆப்பிரிக்கப் புழுவில் ஏறக்குறைய 13 முதல் 18 வரை. இன்னும் உறுதியான அடையாளம் வேண்டுமென்றால் கைக்கண்ணாடி தேவை. மண்புழுவின் ஒவ்வொரு கண்டத்திலும் மண்ணைப் பற்றிக்கொள்ளும் நுண்முட்கள் உண்டு. ஆப்பிரிக்கப் புழுவில் அவை கண்டத்துக்கு எட்டு, ஜோடி ஜோடியாக. லாம்பிட்டோவில் கண்டத்தைச் சுற்றி வளையமாகவே முளைத்திருக்கும். கண்ணாடி இல்லாதவர்கள் புழுவை முரட்டுக் காகிதத்தில் ஊரவிட்டுக் காதை அருகில் கொண்டுபோகலாம். அந்த முட்கள் உரசும் சரசரப்பு கேட்கும்.

இவ்வளவும் புறத்தோற்றம். உண்மையான வித்தியாசம் எதைத் தின்கிறது, எங்கே குடியிருக்கிறது என்பதில் இருக்கிறது. பிரெஞ்சு அறிஞர் மார்செல் பூஷே 1970களில் மண்புழுக்களை வாழிடத்தை வைத்து மூன்றாகப் பிரித்தார். மண்ணுக்கு மேலே சருகிலும் சாணத்திலும் வாழ்பவை ஒரு வகை. மண்ணுக்குள்ளேயே கிடந்து மண்ணைத் தின்பவை இரண்டாவது. மேலே வந்து இரையெடுத்து ஆழத்துக்கு வளை தோண்டிப் போகிறவை மூன்றாவது. ஆப்பிரிக்கப் புழு முதல் வகை. மட்கும் பொருள் குவிந்திருக்கும் இடமே அதற்கு வீடு, சாப்பாடு எல்லாம். வயலில் அப்படிக் குவியல் ஏது? வெயில் ஏறியதும் ஓடி ஒளிய அதற்கு வளை தோண்டவும் வராது. லாம்பிட்டோ வளை தோண்டும் வகையில் சேரும். இரவில் மேலே வந்து மட்கிய இலையையும் சாணத்தையும் மண்ணோடு சேர்த்து விழுங்கும். கோடையில் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கிச் சுருண்டு கிடக்கும். அது போட்டுவிட்டுப் போன வளைகள்தான் அடுத்த மழைக்குத் தண்ணீர் இறங்கும் வழி. வேருக்குக் காற்றும் அதே வழியாகத்தான் போகிறது.

டார்வின் 1881இல் மண்புழுக்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அவர் எடைபோட்டதும் வயல் புழுக்கள் மேலே கொண்டுவந்து தள்ளிய மண்ணைத்தான். பத்தாண்டு கழித்து 1891இல் வெளிவந்த மனோன்மணீயம் நாடகத்திலும் நாங்கூழ்ப் புழு என்ற பெயரில் மண்புழு வருகிறது. உழவனுக்கு உதவியாக மண்ணில் ஓயாமல் உழைக்கும் உயிராகச் சுந்தரம் பிள்ளை அதைக் காட்டுகிறார். உழவனின் நண்பன் என்று நாம் பள்ளியில் படித்த பெருமையெல்லாம் வளை தோண்டும் புழுவுக்கு உரியது. தொட்டிப் புழு அந்தப் பெயரைக் கடன் வாங்கியிருக்கிறது. ஆனால் உரம் செய்யும் வேகத்தில் அதை மிஞ்ச லாம்பிட்டோவால் முடியாது.

அந்த வேகத்துக்கு இனப்பெருக்கமும் ஒரு காரணம். ஒவ்வொரு மண்புழுவும் ஆணும் பெண்ணுமாக இருக்கும். ஆனாலும் இவ்விரண்டு இனங்களிலும் பொதுவாக இரண்டு புழுக்கள் சேர்ந்துதான் விந்தைப் பரிமாறிக்கொள்ளும். பிறகு தனித்தனியே முட்டைக்கூடு இடும். ஆப்பிரிக்கப் புழுவின் கூடு நல்ல சூட்டில் இரண்டு வாரம் போலப் பொரியும். ஒரு கூட்டிலிருந்து பெரும்பாலும் இரண்டு மூன்று குஞ்சுகள் வரும். ஒன்றரை மாதத்தில் அவையும் இனப்பெருக்கத்துக்குத் தயார். லாம்பிட்டோ கூட்டில் பெரும்பாலும் ஒரே குஞ்சு. தின்னத் தின்னக் குறையாத குவியலில் வாழ்கிற உயிர் வேகமாகப் பெருகும். மழையை நம்பி ஆண்டில் சில மாதம் மட்டும் நடமாடுகிற உயிரிடம் அந்த அவசரம் கிடையாது.

பராமரிப்பும் இதற்கேற்ப மாறுகிறது. தொட்டிப் புழு முழுக்க முழுக்க வளர்ப்பவர் கையில் இருக்கிறது. முதலில் நிழல். 25 முதல் 30 டிகிரி வெப்பம் அதற்கு உகந்தது; 35ஐத் தாண்டினால் தவிக்கும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே தொட்டி வைத்தால் நிழல் இருந்தும் பயனில்லை. கீற்றுக் கொட்டகைதான் சரி. அடுத்தது சாணம். பச்சைச் சாணத்தை அப்படியே போடக்கூடாது. மட்கும்போது எழும் சூடே புழுக்களைக் கொன்றுவிடும். சருகோடு கலந்து, தண்ணீர் தெளித்து, இரண்டு மூன்று வாரம் ஆறவிட்டு, கையை உள்ளே விட்டுப் பார்த்துச் சூடு இல்லையென்று தெரிந்த பிறகே புழு விட வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் இழந்த புழுக்களே அதிகம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஈரத்துக்கும் கைதான் அளவுகோல். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு கசிய வேண்டும். அது ஏறக்குறைய 60 சதவீத ஈரம். ஒழுகினால் அதிகம். மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. தோலால் மூச்சு விடுகிறது. தோல் காய்ந்தாலும் சாகும், காற்றுப் புகாத சேற்றில் கிடந்தாலும் சாகும். தொட்டியின் அடியில் செங்கல் ஜல்லியும் மணலும் பரப்பி, வடிகால் துளை விட்டு, மேலே நனைந்த கோணிச்சாக்கைப் போர்த்தினால் ஈரப் பிரச்சினையில் பாதி தீரும். குவியல் ஒன்றரை இரண்டடிக்கு மேல் வேண்டாம். இந்தப் புழு மேலடுக்கில் மேய்வது. ஆழமாகக் குவித்தால் அடிப்பகுதி காற்றில்லாமல் புளித்துப் போகும்.

அடுக்குமாடி வீட்டு பால்கனியில் வாளி வைத்திருப்பவர்கள் சாப்பாட்டு மிச்சத்தில் கவனமாக இருக்க வேண்டும். காய்கறித் தோல், வாழைப்பழத் தோல், பயன்படுத்திய டீத்தூள், காப்பி மண்டி எல்லாம் போடலாம். நேற்றைய குழம்பும் ஊறுகாயும் ஆகாது. உப்பும் எண்ணெயும் புளியும் அந்த ஈரத்தோலுக்கு எரிச்சல். எலுமிச்சைத் தோலையும் மிளகாயையும் குறைத்துக்கொள்ளலாம். மீன், இறைச்சி போட்டால் எலி வரும்.

தொட்டியின் நிலவரத்தை அங்கே வந்து சேரும் மற்ற உயிர்களே காட்டிக்கொடுக்கும். எறும்பு புற்று வைக்க ஆரம்பித்தால் பெரும்பாலும் தொட்டி காய்ந்திருக்கிறது என்று பொருள். தண்ணீர் தெளித்துவிட்டு, சுற்றிலும் சிறு வாய்க்கால் போல நீர் கட்ட வேண்டும். நூல் போன்ற வெள்ளைப் புழுக்கள் மொய்த்தால் ஈரமும் புளிப்பும் கூடிவிட்டது. தண்ணீரை நிறுத்தி, முட்டை ஓட்டுப் பொடி தூவி, காய்ந்த சருகைக் கலக்கலாம். அழுகிய முட்டை வாடை வந்தால் காற்றுப் போதவில்லை. கையாலேயே மெல்லப் புரட்டிவிட வேண்டும். மண்வெட்டி போட்டால் புழு துண்டாகும். புதுத் தொட்டியில் முதல் சில இரவு புழுக்கள் கூட்டமாக வெளியேறப் பார்க்கும். அவற்றுக்குக் கண் இல்லை, ஆனால் தோலால் வெளிச்சத்தை உணரும். மேலே ஒரு விளக்கை எரியவிட்டால் உள்ளேயே தங்கிவிடும். அறுவடையிலும் இதே கூச்சம் உதவுகிறது. மூன்று நான்கு நாள் தண்ணீர் நிறுத்தி, வெளிச்சத்தில் கூம்பாகக் குவித்தால் புழுக்கள் அடியில் இறங்கிவிடும். மேலே டீத்தூள் போல உதிரும் உரத்தை அள்ளிக்கொள்ளலாம்.

லாம்பிட்டோவுக்கு இப்படித் தினசரி கவனிப்பு எதுவும் கிடையாது. அதற்கு இடையூறு செய்யாமல் இருப்பதே பெரும் பராமரிப்பு. அறுவடை முடிந்ததும் தாளை எரிப்பது, ரோட்டவேட்டரை மூன்று நான்கு தடவை ஓட்டி மண்ணை மாவாக்குவது, குருணை மருந்து தூவுவது எல்லாம் அதன் குடியைக் கெடுக்கும். குருணை மருந்தான கார்போஃபியூரான் மண்புழுக்களுக்குக் கொடிய நஞ்சு என்பது தெரிந்த விஷயம். மாறாக மூடாக்குப் போட்டு, தொழுவுரம் இட்டு, ஒரு மூலையாவது உழாமல் விட்டுவைத்தால் புழு தானாகவே வரும். ஐப்பசி மழைக்குப் பின் விடியற்காலை வரப்போரம் நடந்து பாருங்கள். சிறு சிறு மண் உருண்டைகள் குவிந்திருந்தால் கீழே ஆள் இருக்கிறது.

இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில் ஒரு வழியும் உண்டு. சென்னை நியூ காலேஜில் பணியாற்றிய மண்புழு ஆய்வாளர் சுல்தான் அகமது இஸ்மாயில், வெளிநாட்டுப் புழு தேவையில்லை, அந்தந்த ஊர்ப் புழுவே போதும் என்று நீண்டகாலமாகச் சொல்லிவருகிறார். அவருடைய முறையில் தொட்டியின் அடியில் ஜல்லி, மணல், அதன்மேல் நல்ல தோட்டமண் அடுக்கு இருக்கும். சாணத்தில் மேயும் நாட்டுப் புழுவான பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் மேலே, லாம்பிட்டோ மண்ணடுக்கில். வாளியில் செத்துப்போகிற லாம்பிட்டோ, காலடியில் மண் கிடைத்தால் தொட்டியிலும் பிழைக்கிறது. நிதானமாகச் செய்ய நேரம் இருக்கிறவர்களுக்கும், சொந்தக் கொல்லையில் புழு கிடைக்கிறவர்களுக்கும் இந்த வழியையே பரிந்துரைப்பேன். மாதம் பல டன் சாணத்தை உரமாக்க வேண்டிய பண்ணைக்கு ஆப்பிரிக்கப் புழுதான் கட்டுபடியாகும். அதில் எனக்குத் தயக்கமில்லை.

தொட்டியில் விளைந்த உரத்தை வயலில் இடும்போது லாம்பிட்டோவுக்குத்தான் தீனி போடுகிறோம். மேலே தூவியதை இழுத்துக்கொண்டுபோய் வேர் மட்டத்தில் சேர்ப்பது அதன் வேலை. ஆகவே வயலில் விடுவதற்கென்று புழு வாங்காதீர்கள். அந்தக் காசுக்கு இரண்டு வண்டி சருகும் சாணமும் இறக்கிப் பரப்பி, ஒரு மழைக்காலம் பொறுத்திருங்கள்.