கணினிக்குள் ஒரு கணினி: மீரியபெத்தவும் திறக்க மறுத்த பக்கங்களும்

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தில் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயக் குடியிருப்புகளை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது பின்னர் பெரிதாகப் பேசப்பட்டது. எச்சரிக்கை கோப்பில் இருந்தது. மக்கள் லயத்தில் இருந்தார்கள்.

அச்சம்பவத்திற்குப் பின்னர், மலையகம் பற்றி முன்னர் நாங்கள் அச்சேற்றிய பக்கங்களைப் புரட்டிப் பார்க்க விரும்பினேன். இறுவட்டுகள் பழுதின்றி இருந்தன. ஆனால் அவை பேஜ்மேக்கரில் வடிவமைத்து, பாமினி எழுத்துருவில் கோத்த பக்கங்கள். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வெளியானது. புதிய கணினியில் அதனை நிறுவவே முடியவில்லை. பழைய கணினியோ எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. அப்போதுதான் ஓர் இளைஞர், "ஐயா, புதிய கணினிக்குள்ளேயே பழைய விண்டோஸை ஓட்டலாமே" என்றார்.

இது புதிய வித்தை அன்று. 1960களில், ஒரே பெருங்கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளவும், ஒவ்வொருவருக்கும் அது தமக்கே உரியதாகத் தோன்றவும் ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வு நிலையத்தினர் இம்முறையை உருவாக்கினர். 1972இல் அது 'வி.எம். 370' என்ற பெயரில் வெளிவந்தது. மேசைக் கணினிக்கு இது எளிதில் பொருந்தாது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1999இல் வி.எம்.வெயார் அதைச் சாத்தியமாக்கியது. 2005இல் இன்டெல்லும் 2006இல் ஏ.எம்.டி.யும் இதற்கான வசதியைத் தம் சில்லுகளிலேயே சேர்த்தன.

இனி எதைத் தெரிவது? வேகத்தைப் பார்க்குமுன் உரிமையாளரைப் பாருங்கள் என்பேன். கனெக்டிக்ஸின் வெர்ச்சுவல் பீ.சீ.யை 2003இல் மைக்ரோசொப்ட் வாங்கியது. இன்று அது வழக்கிலில்லை. ஜெர்மனியின் இன்னோடெக் உருவாக்கிய வெர்ச்சுவல் பொக்ஸ் 2008இல் சன் நிறுவனத்திடமும் 2010இல் ஒராக்கிளிடமும் போனது. வி.எம்.வெயார் பல கைமாறி 2023இல் புரோட்கொம்மிடம் சேர்ந்தது. அதன் வேர்க்ஸ்டேஷன் 2024 நவம்பர் முதல் எல்லோருக்கும் இலவசம். அந்த இலவசம் நாளை மாறாது என்பதற்கு உத்தரவாதமில்லை. உள்ளே ஓடும் இயங்குதளத்தைக் கணினித்துறையினர் 'விருந்தாளி' என்பர். விருந்தாளிக்குத் தான் நிற்கும் நிலம் சொந்தமில்லை. இதன் பொருளைத் தோட்டத்து மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே நான் மூலநிரல் திறந்துள்ள வெர்ச்சுவல் பொக்ஸைத் தெரிந்து, அதில் விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவினேன். அதற்குரிய துணைக்கருவிகளைச் சேர்த்தால் திரை சீராகும். இரு கணினிகளுக்கும் பொதுவான கோப்புறையும் கிடைக்கும். விண்டோஸ் 98 கட்டாயம் தேவைப்படுவோருக்கு அதில் இத்துணைக்கருவிகள் இல்லை. அவர்களுக்கு, பழைய வன்பொருளையே போலச் செய்து காட்டும் கியூ.இ.எம்.யூ. பொருந்தும். 2003இல் பப்ரிஸ் பெலார்ட் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அது. சற்று மெதுவானது, ஆனால் பொறுமையுள்ளோருக்கு உதவும். ஒரு மென்பொருளின் வட்டுக் கோப்பை மற்றொன்றுக்கு மாற்றும் கருவியும் அதனுடன் வருகிறது. வீடு மாற வேண்டி வந்தால் அதுவே கைகொடுக்கும்.

ஓர் எச்சரிக்கை. எக்ஸ்பிக்கான பாதுகாப்பு உதவியை மைக்ரோசொப்ட் 2014 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. எனவே அதற்கு இணைய இணைப்புக் கொடுக்காதீர்கள்.

பக்கங்கள் திறந்தன. பாமினி எழுத்தில் லயங்களின் ஒழுகும் கூரைகளும் வெடித்த சுவர்களும் திரையில் எழுந்தன. ஆயினும் வேலை அத்துடன் முடியவில்லை. மெய்நிகர் கணினி பழைய வீட்டின் சாவி மட்டுமே, அங்கேயே குடியிருக்கலாகாது. ஒவ்வொரு செய்தியையும் வெளியே எடுத்து, ஒருங்குறிக்கு மாற்றி, சாதாரண உரைக் கோப்பாகச் சேமித்து வருகிறேன். பக்கத்தின் தோற்றத்திற்காக ஒரு பீ.டி.எப். பிரதியும் வைக்கிறேன்.

உங்கள் வீட்டு அலுமாரியிலும் இப்படியான இறுவட்டுகள் இருக்கக்கூடும். தோட்டச் சங்கக் கடிதங்கள், பாடசாலை மலர்கள், கோயில் கணக்குகள் எதுவாயினும், இறுவட்டு வாசிக்கப்படும் நிலையில் உள்ளபோதே திறந்துவிடுங்கள். எழுதி வைத்தும் வாசிக்க இயலாத எச்சரிக்கை, எழுதாத எச்சரிக்கைக்குச் சமம்.