பட்டர்கப் பூவில் இத்தனை வகையா? பூவைத் திருப்பிப் பார்த்தாலே தெரிஞ்சிடும்!

மே மாதம் வந்தாலே பிரிட்டன் புல்வெளிகள் மஞ்சளாகப் பளபளக்கும். காரணம், பட்டர்கப் பூக்கள். பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும் அங்கே அதிகம் காணப்படுபவை 3 வகைகள். மூன்றிலும் 5 மஞ்சள் இதழ்கள்தான். அப்போ எப்படிக் கண்டுபிடிப்பது?

பல்பஸ் பட்டர்கப்: பூவைத் திருப்பிப் பாருங்க. அடியில் உள்ள புல்லி இதழ்கள் காம்பை நோக்கி மடங்கியிருந்தால் இதுதான். மண்ணுக்குள் சின்ன வெங்காயம் போலக் கிழங்கு இருக்கும்.

கிரீப்பிங் பட்டர்கப்: புல்லி இதழ்கள் மடங்காது. ஆனால் பூக்காம்பில் நீளவாக்கில் பள்ளங்கள் இருக்கும். தரையில் கொடி ஓடி, கணுவுக்குக் கணு வேர் விடும்.

மெடோ பட்டர்கப்: இதிலும் புல்லி இதழ்கள் மடங்காது. காம்பில் பள்ளமும் இருக்காது. மூன்றில் உயரமானது இதுதான்.

ஏன் தெரிஞ்சுக்கணும்?

பச்சைச் செடி மூன்றுமே விஷம். மாடு, குதிரை தின்றால் வாய் புண்ணாகிவிடும். காய்ந்த புல்லோடு கலந்திருந்தால் பயமில்லை. காயும்போதே விஷம் போய்விடும். மேய்ச்சல் நிலத்தில் களையெடுக்கும்போதுதான் வகை முக்கியம். கிரீப்பிங் என்றால் மேலே வெட்டினால் போதாது. வேர்விட்ட கொடித் துண்டு ஒன்று மிஞ்சினாலும் மறுபடி முளைச்சிடும்!