மதராசி என்னும் சொல்

தில்லியில் குடியேறிய முதல் வாரத்திலேயே, தெருவில் காய்கறி வண்டி தள்ளிவந்த முதியவர் ஒருவர் என்னை "மதராசி பாபு" என்று விளித்தார். எனக்குச் சுருக்கென்றது. நான் திருநெல்வேலிக்காரன், சென்னையை நன்றாகப் பார்த்ததே தில்லிக்கு ரயிலேறிய அன்றுதான். அதை அவருக்கு எடுத்துரைக்கும் அளவுக்கு அன்று எனக்கு இந்தி போதவில்லை. கத்தரிக்காயை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழன்பர்களுள் இவ்வனுபவம் இல்லாதார் அரியர். தமிழர், தெலுங்கர், மலையாளி, கன்னடியர் ஆகிய நால்வரையும் ஒரே சாக்கில் கட்டிவிடும் அச்சொல் நம்முள் பலருக்கு எரிச்சலூட்டுவது இயல்பே. ஆயினும், அது வசைச் சொல்லாகப் பிறந்ததன்று.

1639ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் சோழமண்டலக் கரையில், மதராசப்பட்டினம் என வழங்கிய இடத்தில் சிறிது நிலம் பெற்றனர். அங்கே எழுந்ததுதான் புனித ஜார்ஜ் கோட்டை. மைசூர்ப் போர்கள் முடிந்து, கருநாடக நவாபின் சீமையும் 1801இல் கைக்கு வந்தபின், அக்கோட்டையின் ஆட்சி வடக்கே கஞ்சம் முதல் தெற்கே திருநெல்வேலி வரையிலும், மேற்கே மலபார், தென்கன்னடம் வரையிலும் பரந்தது. அப்பரப்பின் மக்கள் தமிழும் தெலுங்கும் மலையாளமும் கன்னடமும் துளுவும் ஒரியாவும் பேசினர். ஆனால் அரசாங்கத்தின் கண்ணுக்கு எல்லோரும் ஒரே ராஜதானியின் குடிகள். ஊர்ப்பெயரோடு இகரத்தைச் சேர்த்து மக்களைக் குறிப்பது வடநாட்டு வழக்கு. பஞ்சாபி, குஜராத்தி என்பன போலவே மதராசியும் உருவாயிற்று. இலக்கண அளவில் இதில் குற்றம் காண இடமில்லை.

நம்மவரும் அன்று இதைக் குற்றமாகக் கொள்ளவில்லை. தில்லியில் தமிழ்ப் பிள்ளைகளுக்கெனப் பள்ளிகள் நடத்திவரும் தமிழ்க் கல்விக் கழகம், 1923இல் தோன்றியபோது மதராசி என்ற பெயரையே தாங்கியிருந்தது. நீலகிரியில் வெல்லிங்டனைத் தலைமை இடமாகக் கொண்ட மதராஸ் ரெஜிமெண்டின் போர் முழக்கமோ "வீர மதராசி, அடி கொல்லு!" என்பது. தென்னாட்டு மொழிகள் பலவற்றையும் பேசுவோர் அப்படையில் தோளோடு தோள் நிற்கின்றனர். அங்கே அச்சொல்லைக் கேட்டு எவரும் முகம் சுளிப்பதில்லை.

பின்னர் எப்போது அது குத்தத் தொடங்கியது? 1953இல் ஆந்திரம் பிரிந்தது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. அவ்வாண்டிலேயே, மாநிலத்துக்குத் தமிழ்ப்பெயர் வேண்டும் என்பதை முதன்மையான கோரிக்கைகளுள் ஒன்றாக வைத்து உண்ணாநோன்பிருந்த சங்கரலிங்கனார் உயிர் நீத்தார். 1969 ஜனவரி 14ஆம் நாள் மாநிலம் தமிழ்நாடு ஆயிற்று. 1996இல் தலைநகரின் பெயரும் சென்னை என்றே நிலைத்தது. சொல்லைத் தாங்கிய நிலப்பரப்பு இவ்வாறு படிப்படியாக மறைந்தது. சொல் மட்டும் அகலவில்லை. 1960களின் பிற்பகுதியில் பம்பாயில் தென்னாட்டாருக்கெதிரான கிளர்ச்சி மூண்டு, உணவு விடுதிகள் தாக்கப்பட்டன. அந்நாட்களில் அந்நகரில் வாழ்ந்த குடும்பங்களுக்கு அது வெறும் ஊர்ப்பெயராகக் கேட்டிருக்க முடியாது. அவர்களிடம் போய் இலக்கணம் பேசுவது எனக்கு உடன்பாடன்று.

பிறர் நமக்கிட்ட பெயர்களுள் இது ஒன்றே என்றும் எண்ண வேண்டா. கேரளத்தார் நம்மைப் பாண்டி என்றனர். அவர்களுக்கு மலை தாண்டினால் பாண்டிநாடு. கன்னடியர் கொங்கர் என்றனர். அவர்கள் எல்லையில் கிடந்தது கொங்குநாடு. தெலுங்கர் தமிழை அரவம் என்றனர். அரவம் என்றால் இரைச்சல் ஆயிற்றே என்று நம்மவர் சினம் கொள்வதுண்டு. அது அருவாநாட்டின் பெயரிலிருந்து வந்ததென்று கருதும் அறிஞர் உளர். மலையாளக் கரையில் வந்திறங்கிய போர்த்துக்கேசியர், 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட தம்பிரான் வணக்கத்தின் முகப்பில் நம் மொழியை 'மலவார் தமுல்' எனக் குறித்தனர். முதலில் எதிர்ப்பட்ட பகுதியின் பெயரே முழுவதற்கும் ஆகிவிடுகிறது.

நாம் மட்டும் இதற்கு விலக்கா? வட்டிக்கடைக்காரர் எவராயினும் நமக்குச் சேட்டு. துணிக்கடைக்காரர் குஜராத்தியே ஆயினும் மார்வாடி.

சென்ற ஆண்டு விடுமுறையில் சென்னைக்குச் சென்றிருந்தேன். உறவினர் வீட்டில் தரைக்குக் கல் பதித்துக்கொண்டிருந்த இளைஞரை வீட்டார் அனைவரும் "இந்திக்காரத் தம்பி" என்றே அழைத்தனர். அவருடைய ஊரைக் கேட்டேன். ஒடிசாவில் கஞ்சம் மாவட்டம் என்றார். வீட்டில் பேசுவது ஒரியா. இந்தி, வேலைக்கு வந்த இடங்களில் கற்றதாம். 1936இல் ஒரிசா தனி மாகாணமாகும்வரை கஞ்சம் சென்னை ராஜதானியைச் சேர்ந்தது. அவருடைய கொள்ளுப்பாட்டனார் அந்நாளில் வடக்கே போயிருந்தால், அவரையும் மதராசி என்றே அழைத்திருப்பார்கள். இதை நான் சொன்னதும் இளைஞர் சிரித்தார். பிறகு, தம் பெயர் இன்னதென்று வீட்டாரிடம் முதன்முறையாகச் சொன்னார்.